மாப்பிள்ளை காருக்கு அடியில் ஒரு நமஸ்காரம்

முன்சக்கரத்துப் பக்கம் சத்தம் என்று ஒரு பழைய வண்டி பட்டறைக்குள் வந்தால் நீங்கள் எல்லாம் முதலில் ஜாக்கியைத் தேடுகிறீர்கள். உங்கள் வயதில் நான் முதலில் வாயைத் திறப்பேன். வண்டி நிற்பதற்குள், "இது கிங்பின்னு, சந்தேகமே இல்ல" என்று அறிவித்துவிடுவேன். கழற்றிப் பார்த்து, சக்கரம் திரும்புவதற்கு அச்சான அந்தக் கிங்பின் நன்றாக இருப்பது தெரிந்ததும், "அப்பவே சொன்னேனே, ஷாக் அப்சார்பர்னு" என்பேன். முகம் மாறாமல் பேச்சை மாற்றத் தெரிந்தால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். மீதிப் பாதி எனக்கு எப்படி வந்தது என்பதை இன்று சொல்கிறேன். பட்டறையில் இப்போது வேலை குறைவு, எனக்கும் பேச்சு அதிகம்.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் வந்து, "அண்ணே, வண்டி தெருமுனை திரும்பும்போதே இன்னா கோளாறுன்னு காதாலயே சொல்லிடுவீங்களாமே" என்று கேட்டீர்கள். அந்தப் புரளியைக் கிளப்பியவன் நான்தான். நீங்கள் நம்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நான் ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் ஞானம் முற்றியதல்ல. என் முழங்கால் இரண்டும் ஐம்பத்திரண்டு வயதிலேயே சத்தம் போட ஆரம்பித்தன. அதற்கு மாற்ற புஷ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. உத்திரமேரூரில் நான் வேலை செய்த பட்டறையின் முதலாளி, தாமலில் மச்சான் வீட்டு விசேஷம் என்று ஒரு வாரம் போயிருந்தார். "தெரியாத வேலைய தொடாதே" என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வயது.

அப்போதுதான் பக்கத்தில் பெருநகர் என்ற ஊரிலிருந்து ஒரு கறுப்பு பிளெஷர் கார் வந்தது. வந்தது என்றால், அரை மைலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு குழியிலும் கீய்ய்ச், கீய்ய்ச் என்று, யாரோ வாத்தின் கழுத்தைப் பிடித்து அமுக்குவதைப் போல ஒரு சத்தம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஓட்டி வந்தவர் முனுசாமி. அந்த வீட்டில் இருபது வருஷமாக மாட்டு வண்டி ஓட்டியவர். கார் வாங்கியதும் அதையும் ஓட்டக் கற்றுக்கொண்டார். நிறுத்தும்போது மட்டும் பழக்கதோஷத்தில் "ஹோ, ஹோ" என்பார். பின்சீட்டிலிருந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓர் இளைஞன் இறங்கினான். துண்டை விலக்கினால் முகமெல்லாம் மஞ்சள். பெயர் ராஜவேலு, மூன்று நாளில் கல்யாணம், நலங்கு வைத்தாகிவிட்டது. நலங்கு வைத்த பிள்ளை வாசற்படி தாண்டக்கூடாது என்று வீட்டில் காவல் போட்டிருக்கிறார்கள். சுவர் ஏறிக் குதித்து வந்திருக்கிறான், கார் சத்தத்துக்காக.

"தோ பாருங்க, மெக்கானிக்கு" என்றான். "பொண்ணு வூடு இந்த ஊர்லதான். மாப்ள அழைப்பு இந்தத் தெருவுலதான். நான் இந்த வண்டில உக்காந்து வரும்போது அது இந்த மாதிரி கத்திக்கினு வந்தா, ஊரே சிரிக்கும். பொண்ணு மொதல்ல கேக்கறதே இந்தச் சத்தமாதான் இருக்கும்."

"கவலைய விடுங்க. கிங்பின்னு" என்றேன்.

கிங்பின் இல்லை. பிறகு சுருள்வில் என்றேன். அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு பெயர் சொல்ல என்னிடம் மிச்சமில்லாததால், வேறு வழியின்றி, ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். ராஜவேலுவையும் முனுசாமியையும் முன்பம்பர் மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னேன். மஞ்சள் முகத்தோடு மாப்பிள்ளை குதிக்கிறான், கார் கீய்ச் என்கிறது, நான் அடியில் படுத்து ஒரு சொம்புத் தண்ணீரை இரும்போடு இரும்பு உரசாமலிருக்க மூட்டுகளில் செருகியிருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷின் மேலும் சிறிது சிறிதாக ஊற்றுகிறேன். ரப்பர் நனைந்தால் கொஞ்ச நேரம் கத்தாது. எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். இதைச் சொல்லிக் கொடுத்தது முதலாளி. நான் கண்டுபிடித்ததாக அன்று அவர்களிடம் சொன்னேன்.

லோயர் ஆர்ம் என்கிறோமே, சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் கை, அதன் அடிப்பகுதியில் இருக்கும் புஷ்ஷை நனைத்ததும் சத்தம் நின்றது. இரண்டு பக்கமும் அதேதான். கழற்றினால், ரப்பர் ஊறின அவல் மாதிரி உப்பி, கையில் கறுப்பாக ஒட்டுகிறது.

"இதுல இன்னாத்தண்ணா பூசினீங்க?"

"வண்டி மை" என்றார் முனுசாமி பெருமையாக. "வெளக்கெண்ணெய்ல கொழைச்சது. மாட்டு வண்டி அச்சுக்குப் போடறதுதான். வாரத்துக்கு ஒரு தபா தவறாம போட்டுக்கினு வரேன்."

"இது ரப்பருண்ணா! எண்ணெய் பட்டா ஊதிப் பூடும்."

"எனக்கு இன்னா தெரியும்? சக்கரம் கத்தினா மை. மாடு கத்தினா வைக்கோலு. பொண்டாட்டி கத்தினா நான் கழனிக்குப் பூடுவேன். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு இவ்ளோதான்."

சிரிக்காதீர்கள். அந்த மனுஷர் வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். பூசிய அன்று சத்தம் நிற்கும், மூன்றாம் நாள் கூடுதலாகக் கத்தும், அவர் கூடுதலாகப் பூசுவார். எந்தப் பழைய வண்டி வந்தாலும் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், வீட்டில் அதற்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பாதிக் கோளாறு வைத்தியத்தில்தான் இருக்கும். மீதிப் பாதி, இப்போது சொல்லப்போகிறேன், நம்மிடம் இருக்கும்.

புது புஷ் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை அழைப்பு நாளின் காலை பத்து மணி. வலப்பக்கத்தை நிதானமாக முடித்தேன். இடப்பக்கம் பாதியில் இருக்கும்போது ராஜவேலுவின் அத்தை வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் நின்ற இடத்தில் பட்டறைக்குள் வெளிச்சம் குறைந்தது. அவ்வளவு கம்பீரமான உடம்பு.

"பூக்காரன் வந்து உக்காந்துக்கினு கீறான், நீ இன்னும் சக்கரத்த கழட்டிப் போட்டுக்கினு கொஞ்சிக்கினு கீறயே!"

"அஞ்சு நிமிஷம், அத்தே."

"அஞ்சு நிமிஷம்னு சொல்றவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும், நாஷ்டா கூட துன்னல. வாயத் தொற."

என் கை இரண்டிலும் கிரீஸ். அத்தை ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் திணித்தார். கல்யாண வீட்டு லட்டு, ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதை முழுங்குவதற்குள் இரண்டாவது. மூன்றாவது லட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பெருநகர் சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது மைல் வேகம். சத்தமே இல்லை. பட்டுத்துணியில் போவது போல இருந்தது. அன்று எனக்கு என்மேல் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் ஊர்வலம். என்னையும் அழைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, மார்பில் சந்தனம், காதில் ஒரு ரோஜா. பூ அலங்காரத்தில் காரே தெரியவில்லை. பின்சீட்டில் ராஜவேலு மாலையோடு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். பானெட் மேல் இரண்டு பிள்ளைகள், மட்கார்டு மேல் பக்கத்துக்கு ஒரு பிள்ளை, பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு இன்னும் நாலைந்து. முன்னால் நாயனமும் தவிலும். அதற்கும் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா. அவரை வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் போல ஊரும் நைனா என்றே கூப்பிடும். தோளில் அங்கவஸ்திரம், நடையில் ஒரு யானையின் நிதானம்.

வண்டி நடை வேகத்தில் நகர்கிறது. நான் இடப்பக்கம், என் வேலையை நானே ரசித்துக்கொண்டு, கூடவே நடக்கிறேன்.

டக்.

தவில் என்று நினைத்தேன். பத்தடி போனதும் மறுபடி டக். தவில்காரர் அப்போது துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எனக்கு ஒரு சின்னப் பொருள் ஞாபகம் வந்தது. லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு கழன்று வராமலிருக்க, அதன் குறுக்கே ஒரு கம்பிப் பின் கோத்து இரண்டு காலையும் மடக்கிவிடுவோம். காட்டர் பின். விரல் நீளம்கூட இராது. பழைய பின் கழற்றும்போதே முறிந்துபோனது. புதியதை டப்பாவிலிருந்து எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். எடுத்தேனா? வலப்பக்கம் எடுத்தேன், மடக்கினேன், கண்ணுக்குள் நிற்கிறது. இடப்பக்கம்? யோசிக்க யோசிக்க, அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது லட்டு மட்டும்தான்.

வேகமாகப் போகும்போது கேட்காத சத்தம், ஊர்ந்து போகும்போது கேட்கும். நான் நாற்பது மைலில் சோதித்துவிட்டு, நடை வேகத்தில் போகப்போகிற வண்டியை அனுப்பியிருக்கிறேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எப்படி ஓடப்போகிறதோ அப்படி ஓட்டித்தான் சோதிக்கவேண்டும்.

குனிந்து மட்கார்டில் காதை வைத்தபடி நடந்தேன். பின்னால் வந்த அத்தை விடவில்லை.

"இன்னாடா மெக்கானிக்கு, காரு கிட்ட ரகசியம் பேசிக்கினு வர்ற? அதுக்கும் வரன் பாக்கறியா?"

பெண்கள் கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பல் மட்டும்தான் சிரித்தது.

ஜன்னல் வழியாக முனுசாமியிடம், "அண்ணா, லேசா பிரேக்க மிதிச்சு மிதிச்சு விடுங்க" என்றேன்.

"ஊர்வலத்துல இன்னாத்துக்கு பிரேக்கு? மாப்ளைக்கு மால கழண்டுக்கும்."

"மிதிங்கண்ணா, கேள்வி கேக்காதீங்க."

மிதித்தார். டக். விட்டார். டக். உள்ளங்கையை மட்கார்டில் வைத்திருந்தேன், உதை கைக்கே தெரிந்தது. பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் ஒரு பக்கம் நகர்கிறது, விட்டால் மறுபக்கம் நகர்கிறது. நட்டு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை சுற்று மரை மிச்சம் என்று தெரியாது. அது விழுந்தால் சக்கரம் உள்பக்கமாக மடியும், வண்டி இடப்பக்கம் சாயும். நேர் மேலே, மட்கார்டில், ஹெட்லைட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கால் போய்வந்த இடம் சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி.

நான் அப்போது என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? என் கால்கள் என்னைக் கேட்காமலே பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பின. வாலாஜாபாத் பஸ் ஒன்று இருக்கிறது, அங்கே ரயில் இருக்கிறது, எங்கேயாவது இறங்கி, பெயரை மாற்றிக்கொண்டு, சைக்கிள் கடை வைத்துவிடலாம். சைக்கிளுக்கு லோயர் ஆர்ம் கிடையாது. பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன். இத்தனையும் மூன்று அடி நடப்பதற்குள்.

மறுபடி டக். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பா" என்றேன், "முன்னாடி நாயனக்காரர் ஆரஞ்சு மிட்டாய் குடுக்கறாராம். சீக்கிரம் போனாத்தான் கெடைக்குமாம்."

கார் மேல் ஈ மொய்த்த மாதிரி இருந்த பிள்ளைகள் ஒரே பறப்பில் பறந்தன. நாயனக்காரர் உச்சஸ்தாயியில் கண்ணை மூடி நிற்கும்போது ஒன்பது பிள்ளைகள் அவர் இடுப்பைப் பிடித்து உலுக்கின. நாயனம் ஒரு விநோதமான ஒலி எழுப்பி இறங்கியது. அவர் என்னைத்தான் முறைத்தார். எப்படித் தெரிந்ததோ.

அடுத்து நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, வண்டிய ஒரு நிமிஷம் நிறுத்தலாமா?"

"இன்னாத்துக்கு?"

சொல்லியிருக்கவேண்டும். ஆனால் வண்டியை ஒப்படைக்கும்போது, "என் கை பட்டா சத்தம் செத்துப் பூடும் நைனா" என்று இதே மனிதரிடம் சொல்லியிருந்தேன்.

"சும்மா... நின்னா அழகா இருக்கும்னு."

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சிக்கினு கீறியா? பாதி வழில மாப்ள வண்டி நின்னா சகுனத் தடைடா. சாவற வரைக்கும் பேசுவானுங்க. சாமி எதிர்லதான் நிக்கலாம். போ, பின்னால போ."

சாமி எதிரில்!

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பதடி தூரத்தில் தெருமுனைப் பிள்ளையார் கோயில். அங்கே ஊர்வலம் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், நாயனத்தில் ஒரு பாட்டு முழுக்க வாசிப்பார்கள். அதைத் தாண்டினால் தெரு குளத்துப் பக்கம் சரிவாக இறங்குகிறது, கல்யாணச் சத்திரம் வரைக்கும் பிரேக்கிலேயே போகவேண்டும். அதாவது, பிள்ளையாரைத் தாண்டி அந்த வண்டி போகக்கூடாது.

"முனுசாமிண்ணா, பிரேக்க தொடாதீங்க. சும்மா உருட்டிக்கினு வாங்க" என்று ஜன்னலோடு ஒட்டி நடந்தேன். வாழ்க்கையில் நாற்பதடி அவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரிந்ததில்லை.

கோயில் வாசலில், "ஹோ, ஹோ" என்று முனுசாமி வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்துக் கைபிரேக்கை இழுக்கச் சொன்னேன். சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்தேன். பூசாரி மணியை எடுத்தார், எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். நான் வெள்ளை வேட்டியோடு தெருவில் குப்புற விழுந்து, புரண்டு, காருக்கு அடியில் போனேன்.

நட்டு இருந்தது. இரண்டே மரையில் தொங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நேரம்தான்" என்பது போல இருந்தது. பின் இருக்கவேண்டிய ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஆர்மைத் தோளால் உள்ளே தள்ளி, நட்டை விரலாலேயே சுற்றினேன். ஓட்டை நேராக வந்து நின்றது. கோக்க ஒன்றும் இல்லை. கையில் ஸ்பேனர் இல்லை, மடியில் கம்பி இல்லை. காதில் ரோஜாதான் இருந்தது.

வெளியே அத்தையின் குரல் கேட்டது. "இன்னா பக்தி பாரு இந்தப் பையனுக்கு! எல்லாரும் நின்னு கும்புடறோம், இவன் வண்டிக்கடியில பூந்து சாஷ்டாங்கமா வுழுந்து கெடக்கறான்!"

சக்கரத்துக்குப் பக்கத்தில் அத்தையின் பட்டுப்புடவை விளிம்பு தெரிந்தது. கையை வெளியே நீட்டினேன்.

"அத்தே, கொண்டை ஊசி ஒண்ணு குடுங்க."

"இன்னாது?"

"கொண்டை ஊசி, அத்தே. சீக்கிரம்."

"புள்ளையாருக்கு எதுக்குடா கொண்டை ஊசி?"

"வேண்டுதல், அத்தே!"

வேண்டுதல் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கெட்டியான இரும்பு ஊசி ஒன்று என் கைக்கு வந்தது. கோத்தேன், இரண்டு காலையும் கட்டைவிரலால் மடக்கினேன், இன்னும் ஒரு முறை மடக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தேங்காய் உடைந்தது. தண்ணீர் தெருவில் ஓடி வந்து நேராக என் காதுக்குள் இறங்கியது.

நான் வெளியே வந்தபோது வேட்டியில் பாதி கறுப்பு, சந்தனத்தோடு கிரீஸ் கலந்து மார்பெல்லாம் பூசியிருந்தது. பூசாரி எனக்குத் தனியாக விபூதி பூசினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனுசாமியிடம், "நடந்து போற ஆளுக்குப் பின்னாலயே போங்க, முந்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் யாரும் ஏறாமல் நானே இடப்பக்க மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கச் சொன்னவர்களிடம் அதையும் வேண்டுதல் என்றேன். சத்திரம் வரைக்கும் ஒரு டக்கும் இல்லை.

இதுவரைக்கும் கேட்டுவிட்டு நீங்கள் கைதட்டப் பார்க்கிறீர்கள். பொறுங்கள். மெக்கானிக் வேலை இனிமேல்தான்.

பட்டறைக்கு ஓடி, ஸ்பேனரும் சரியான பின்னும் எடுத்துக்கொண்டு சத்திரத்துப் பக்கச் சந்துக்கு வந்தேன். யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டால் முடிந்தது. ஊருக்கு நான் பக்திமான், நைனாவுக்கு நான் கெட்டிக்காரன். ஆனால் சந்தில் காருக்குப் பக்கத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். எதிரே முனுசாமி. உள்ளே உட்கார்ந்திருந்த ராஜவேலுவுக்கும் அந்த டக் கேட்டிருக்கிறது, அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

"மை பூசி, மை பூசி வண்டியையே பேஜார் பண்ணிட்ட. நாளைக்குப் பொண்ணு மாப்ளைய ஏத்திக்கினு பெருநகர் போவணும். நீ ஓட்டவாணாம். வேற ஆளு வருவான். நீ மாட்டயே பாத்துக்க" என்றார் நைனா.

மறுநாள் புதுப்பெண்ணை ஓட்டிக்கொண்டு போவதற்காகத் தைத்த புதுச்சட்டையை முனுசாமி அன்றைக்கே போட்டிருந்தார். "ஆமாம் நைனா. மை நான்தான் பூசினேன்" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வாலாஜாபாத் பஸ் மறுபடி ஞாபகம் வந்தது. இந்த முறை அதை அனுப்பிவிட்டேன்.

"நைனா, அந்தச் சத்தத்துக்கும் அண்ணனுக்கும் சம்பந்தம் இல்ல. பின்னு போட மறந்தவன் நான்" என்று ஆரம்பித்து, லட்டிலிருந்து கொண்டை ஊசி வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினேன். வேண்டுதல் என்ற இடத்தில் முனுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை.

"கொழந்தைங்க இருந்துதே, வண்டி மேல."

"ஆமாம் நைனா."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது டக்குல."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பயம்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

அவர் குனிந்து இடப்பக்க மட்கார்டைத் தொட்டுப் பார்த்தார். "சகுனம் போனா நாலு பேரு பேசுவான். நாலு நாள் பேசுவான். அந்தக் கொழந்தையோட காலு போயிருந்தா?" என்றார். "நான் சகுனம்தான் சொல்வேன். அப்பன்காரன் வேற இன்னா சொல்வான்? வண்டியப் பத்தித் தெரிஞ்சவன் நீதான். நான் அடிச்சாலும் நீ நிறுத்தியிருக்கணும்."

தம்பிகளே, பிள்ளையார் கோயில் நாற்பதடியில் இருந்தது என் அதிர்ஷ்டம். நானூறு அடியில் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டேன். ஆகவே என் தந்திரத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு வேலை முடித்து அனுப்பிய வண்டியில் புதுச் சத்தம் கேட்டால், அது வண்டியின் சத்தமல்ல, உங்கள் கையின் சத்தம். வெட்கப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் வண்டியை நிறுத்துங்கள். மாப்பிள்ளையே உட்கார்ந்திருந்தாலும்.

நைனா எதிரிலேயே சக்கரத்தைக் கழற்றி, நட்டை முறுக்கி, சரியான பின்னைப் போட்டு மடக்கினேன். வலப்பக்கத்தையும் திறந்து காட்டினேன். முனுசாமி விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ சின்னதா? இதுக்கா இந்தப் பாடு?" என்று ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பார்த்தார்.

"சரி" என்றார் நைனா. "நாளைக்கு முனுசாமியே ஓட்டட்டும். நீ முன்சீட்டுல ஏறு. நீ போட்ட பின்னு, நீயே உக்காந்து வா."

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து கிளம்பியபோது, முன்சீட்டில் முனுசாமி, நடுவில் நான், அந்தப் பக்கம் அத்தை. எலுமிச்சம்பழத்தை அமுக்கி வைத்த மாதிரி இருந்தேன். பின்னால் பொண்ணு மாப்பிள்ளை. பெண் பிறந்தவீட்டை விட்டுக் கிளம்பிய அழுகையில் முகம் வீங்கித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பாதை எங்கும் குழி. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குழி முடிவதற்குள் அடுத்த குழி வந்ததால், பிடித்த மூச்சைத் தனியாக விடச் சந்தர்ப்பமே வரவில்லை. முன்பக்கம் ஒரு கீய்ச் இல்லை, ஒரு டக் இல்லை. வயல் காற்று அடித்தது, எனக்கு வியர்த்தது.

பெருநகர் நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. புதுப்பெண் அந்த வண்டியில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"முன்னாடி கீற அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? கெளம்பினதுலேர்ந்து அவர் மூச்சே வுடல."

முனுசாமி சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. அத்தை குலுங்கியதில் மொத்தக் காரும் குலுங்கியது. ராஜவேலு விஷயத்தை அவள் காதில் சொல்ல, காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் விட்டேன்.